திரையில் ஒரு கோடு அசைந்தது

அந்த அம்மாவுக்கு 45 வயது இருக்கும். பித்தப்பையில் கல் என்று சொல்லி மூன்று வருடத்துக்கு முன்னால் பையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அதே இடத்தில், வலது விலாவுக்குக் கீழே, அதே மாதிரி வலி. "கல்லும் போச்சு, பையும் போச்சு, வலி மட்டும் எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்டுக்கொண்டேதான் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

டெல்டாவில் ஒரு சிறிய ஊரில் ஸ்கேன் பார்க்கிற டாக்டர் நான். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது வயிறு பார்ப்பேன். அதில் பாதிப் பேருக்கு வலிக்கான காரணம் அவர்கள் கட்டிலில் ஏறும்போதே ஓரளவு தெரிந்துவிடும். இந்த அம்மாவுக்கும் பித்தநாளத்தில் ஒரு கல் தங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பித்தப்பை எடுத்தவர்களுக்கு அது நடப்பதுண்டு.

ஜெல் தடவி புரோபை வைத்தேன். பித்தநாளம் கொஞ்சம் விரிந்திருந்தது. உள்ளே இரண்டு வெள்ளைக் கோடுகள், தண்டவாளம் மாதிரி இணையாக, நடுவில் மெல்லிய கறுப்பு. கல் என்றால் அதற்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழும். இதற்கு நிழல் இல்லை. நீளமாக வளைந்து கல்லீரலை நோக்கிப் போனது. பித்தம் அடைத்தவர்களுக்கு வைக்கிற பிளாஸ்டிக் குழாய், அதாவது ஸ்டென்ட், திரையில் இப்படித்தான் தெரியும்.

"ஆபரேஷன் சமயத்துல உள்ள டியூப் ஏதாச்சும் வச்சாங்களாம்மா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்களே."

டிஸ்சார்ஜ் அட்டையைப் புரட்டினேன். அதிலும் குழாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைத்த குழாயை எழுதாமல் விட்டுவிட்டார்களே, மூன்று வருடமாக அது உள்ளேயே கிடக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. படத்தை நிறுத்தி அளவெடுக்கக் கை போனபோது அந்தக் கோடு மெதுவாக நெளிந்தது. ஒரு முனை சற்றே விலகி, திரும்பி வந்து, நாளத்தின் சுவரைத் தொட்டது.

குழாய் நெளியாது.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவரே தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். "அது என்னம்மா, நாக்குப்பூச்சி மாதிரி இருக்கு?" என்றார். அவருக்கு ஸ்கேன் படிக்கத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தும் அன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அது நாக்குப்பூச்சியேதான்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அன்றைய வியப்பு மட்டும் காரணமில்லை. குடலில் இருக்கவேண்டிய புழு பித்தநாளத்தில் இருந்தால் அதை நாம் "அபூர்வமான கேஸ்" என்கிறோம். ஆனால் அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், அது அங்கே போனதில் அபூர்வம் ஒன்றும் இல்லை என்று புரிகிறது. அது தன் வழக்கப்படிதான் போயிருக்கிறது. நாம்தான் அந்த வழக்கத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நாக்குப்பூச்சியின் வாழ்க்கையே ஒரு பயணம். முட்டை மண்ணில் விழுந்து இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட வேண்டும். கழுவாத கீரையிலோ, மண் ஒட்டிய விரலிலோ அது வயிற்றுக்குள் போனால் சிறுகுடலில் பொரிக்கும். பொரித்த குஞ்சு குடலிலேயே தங்கிவிடலாம். தங்காது. குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக இதயம் போய், நுரையீரலில் இறங்கி, அங்கே பத்துப் பதினைந்து நாள் வளர்ந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, நாம் விழுங்கும்போது மறுபடி வயிற்றுக்கு வந்து, புறப்பட்ட சிறுகுடலுக்கே திரும்புகிறது. முட்டையை விழுங்கியதிலிருந்து அது தாய்ப்புழுவாக ஆக இரண்டு மூன்று மாதம். பெண் புழு ஓர் அடிக்கும் மேல் வளரக்கூடியது. ஒரு நாளைக்கு 2,00,000 முட்டை வரை இடும்.

இந்தப் பயணம் முடிந்த பிறகும் அதன் கால் ஓயாது. கால் இல்லாத பிராணிக்கு அப்படிச் சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் குடலில் ஒட்டிக்கொள்ளக் கொக்கி கிடையாது. உணவு நகரும் திசைக்கு எதிராக நீந்தித்தான் தன் இடத்தில் நிற்கிறது. காய்ச்சல் வந்தாலோ, மயக்க மருந்து கொடுத்தாலோ கலைந்து அலையும். சின்னத் துவாரத்தைக் கண்டால் தலையை நுழைத்துப் பார்க்கும். பித்தமும் கணைய நீரும் முன்சிறுகுடலில் வந்து விழுகிற வாய் அப்படிப்பட்ட ஒரு துவாரம். அதைச் சுற்றி ஒரு தசை வளையம் காவலுக்கு இருக்கிறது. பித்தப்பை எடுத்தவர்களுக்கும், அந்த வளையத்தை வெட்டி அகலப்படுத்தியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் புழு உள்ளே நுழைவது அதிகம்.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னது மேற்படிப்பின்போது உடன் படித்த ஸ்ரீநகர்க்காரர் ஒருவர். "எங்கள் ஊரில் ஒரு பெண் வலது மேல் வயிறு வலிக்கிறது என்று வந்தால், கல்லுக்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவு வாய்ப்பு புழுவுக்கும் உண்டு" என்றார். அன்று அதை மிகைப்படுத்திச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவைப் பார்த்த இரவில்தான் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். மருத்துவர் முகமது சுல்தான் குரூ என்பவர் ஸ்ரீநகரில் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்திருக்கிறார். 1985-ல் அவரும் சர்கர் என்பவரும் வெளியிட்ட ஆய்வில் பித்தநாள நோய் உள்ள 109 பேரைப் பார்த்திருக்கிறார்கள். அதில் 40 பேருக்குக் காரணம் நாக்குப்பூச்சி. கல் இருந்தவர்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதேதான். என் நண்பர் ஒரு சொல்லைக்கூட மிகையாகச் சொல்லவில்லை. 1990-ல் லான்செட் இதழில் குரூ குழுவினர் இப்படிப்பட்ட 500 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நடுவில் 1987-ல், ஸ்கேனில் இந்தப் புழு எப்படியெல்லாம் தெரியும் என்று தனியாக ஒரு கட்டுரை. நான் பார்த்த தண்டவாளக் கோடு, குறுக்கே பார்த்தால் தெரிகிற வட்டத்துக்குள் வட்டம், மெதுவான நெளிவு எல்லாம் அதில் இருந்தது. 1978-ல் காஷ்மீரில் பரவிய மஞ்சள் காமாலையைப் பின்தொடர்ந்து, பிற்பாடு ஹெபடைடிஸ் இ என்று பெயர் பெற்ற நோயை உலகுக்கு அடையாளம் காட்டியவரும் இதே குரூதான். தன் ஊர் ஜனங்களின் வயிற்றுவலியை வெளியூர்ப் புத்தகத்தை வைத்துக் கணிக்காமல், அவர்களிடமே கேட்டுக் கணித்த மனிதர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

குரூ குழுவினர் கற்றுத்தந்த பாடங்களில் முக்கியமானது, அவசரப்படக்கூடாது என்பது. பித்தநாளத்துக்குள் நுழைந்த புழு பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். வலிக்கு மருந்து, வாய்வழி உணவுக்கு ஓய்வு, நரம்பில் நீர், கிருமிக்கு மருந்து என்று கவனித்தபடி காத்திருக்கலாம். புழு உள்ளே இருக்கும்போதே கொன்றுவிட்டால் அது அங்கேயே கிடந்து அழுகும். பிறகு அதைச் சுற்றியே கல் படியும். மூன்று வாரம் ஆகியும் அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளே போய் எடுக்கவேண்டும். காய்ச்சலும் காமாலையும் சேர்ந்துகொண்டாலோ, கணையம் வீங்கினாலோ அதுவரை காத்திருக்கவே முடியாது.

அந்த அம்மா ஐந்தாம் நாள் மறுபடி வந்தார். வலி நின்றுவிட்டது என்றார். பித்தநாளம் காலியாக, கறுப்பாக, அழகாக இருந்தது. "போயிடுச்சாம்மா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். இனிமேல்தான் பூச்சி மாத்திரை, வீட்டில் எல்லோருக்கும் என்று அவரைக் கவனித்த சர்ஜன் எழுதிக்கொடுத்தார்.

குழந்தைகளுக்கு இதே புழு வேறு விதமாக வரும். நிறையச் சேர்ந்துவிட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகி அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து வருகிற குழந்தையின் வயிற்றைத் தடவினால் கயிற்றுச் சுருள் மாதிரி கைக்குத் தட்டுப்படும். ஒரு காலத்தில் நம் அரசு மருத்துவமனைகளில் இது வாடிக்கை என்று மூத்த சர்ஜன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கீரிப்பூச்சி அதைவிடச் சிறியது, பெண் புழுவே ஒரு சென்டிமீட்டர்தான். பிள்ளைகள் ராத்திரியில் ஆசனவாயைச் சொறிவதற்குக் காரணம் அது. அப்பெண்டிசைடிஸ் என்று அறுத்து எடுத்த குடல்வாலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில சமயம் உள்ளே கீரிப்பூச்சி இருக்கும், குடல்வாலில் வீக்கமே இருக்காது. வலி வந்தது உண்மை. குடல்வால் கெடவில்லை. பெண்களுக்கு அது பிறப்புறுப்பு வழியாகக் கருப்பை, கருக்குழாய் தாண்டி அடிவயிற்றுக்குள்ளேயே போய்ச் செத்து, சின்ன முடிச்சாகி, காசநோயோ கட்டியோ என்று பயமுறுத்திய கதைகளும் உண்டு.

நான் அதிகம் யோசித்துக்கொண்டிருப்பது கிடை போடுகிறவர் ஒருவரைப் பற்றி.

அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு எங்கள் பக்கம் இறங்குவார்கள். ராத்திரி வயலில் கிடை போட்டால் ஆட்டுப்புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் கிடைக்கூலி கொடுப்பார். அப்படி வந்த ஒருவர், முப்பத்தைந்து வயது, கல்லீரல் பக்கம் கனமாக இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். என்னிடம் வந்த சீட்டில் "கல்லீரலில் சீழ்க்கட்டி, ஊசி போட்டு உறிஞ்சவும்" என்று எழுதியிருந்தது.

கட்டி ஒன்பது சென்டிமீட்டர். சீழ்க்கட்டி எங்கள் ஊரில் சாதாரணம், ஊசி போட்டு உறிஞ்சுவதும் எனக்குப் பழகிய வேலை. ஆனால் இவருக்குக் காய்ச்சல் இல்லை. கட்டியின் சுவர் கோடு போட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. உள்ளே சின்னச் சின்ன வட்டங்கள், தேன்கூடு மாதிரி. நான் ஊசியை எடுக்கவில்லை.

"நாய் வளர்க்கறீங்களா?"

"கெடைக்கு நாய் இல்லாம எப்படிம்மா? மூணு கெடக்கு. நரி வரும்ல."

"ஆடு செத்தா என்ன பண்ணுவீங்க?"

"அறுத்துப் பார்ப்போம். நல்லாருந்தா கறி. ஈரல்ல தண்ணிக் கொப்புளம் கண்டா அத மட்டும் வீசிருவோம்."

"எங்கே வீசுவீங்க?"

"நாய்க்குத்தான்."

ஒரு நோயின் முழுச் சுழற்சியையும் இவ்வளவு சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. எக்கினோகாக்கஸ் என்பது நாயின் குடலில் வாழ்கிற நாடாப்புழு. நாடா என்றால் நீளமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இது சில மில்லிமீட்டர்தான், மூன்று நான்கு கண்ணி. அதன் முட்டை நாயின் மலத்தில் வெளியேறிப் புல்லில் ஒட்டும். மேய்கிற ஆட்டின் வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் ஏறி, ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி நீர்க்கொப்புளமாகும். அந்தக் கொப்புளத்தை நாய் தின்றால் அதன் குடலில் மறுபடி புழு. ஆடும் நாயும் மட்டுமே இருந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் மனிதன் நாயைத் தடவிய கையை வாயில் வைத்தால், ஆட்டுக்கு நடப்பது அவனுக்கு நடக்கிறது. புழுவைப் பொறுத்தவரை நாம் ஆடு, அவ்வளவுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. நம் ஈரலை நாய் தின்னப்போவதில்லை. ஆகவே கொப்புளம் வளர்ந்துகொண்டே போகும், பத்து வருடம், இருபது வருடம், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல். இவர் சின்ன வயதில் நாய்க்குட்டியோடு புரண்டபோதே விழுங்கியிருக்கலாம்.

இதைச் சீழ்க்கட்டி என்று நினைத்து ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் கசியும். கடும் ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பிழைத்தாலும், சிந்திய இடமெல்லாம் புதுக் கொப்புளம் முளைக்கலாம். ஊசியாலேயே இதைக் குணப்படுத்தும் முறையும் இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்து, ஒவ்வாமைக்கான மருந்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தெரிந்தே குத்துவது அது. தெரியாமல் குத்துவது வேறு. அந்தச் சீட்டில் எழுதியிருந்தபடி நான் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில ராத்திரிகளில் நினைத்துக்கொள்கிறேன். அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். மாத்திரை கொடுத்து, பிறகு ஆபரேஷன் செய்து, மறுபடி மாத்திரை கொடுத்தார்கள்.

இந்தச் சக்கரத்தை ஒரு நாடே நிறுத்திக் காட்டியிருக்கிறது. ஐஸ்லாந்து. ஆடும் நாயும் மனிதனும் நீண்ட குளிர்காலத்தை ஒட்டி உறவாடிக் கழிக்கிற ஊர். 19-ம் நூற்றாண்டில் உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. 1863-ல் ஹரால்ட் கிராபே என்ற டேனிஷ் ஆராய்ச்சியாளர் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்தார். 100-க்கு 28 நாய்களிடம் இந்தப் புழு. ஊருக்குத் திரும்பி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதை ஐஸ்லாந்து மொழியில் அச்சிட்டு வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். குளிர்கால இரவுகளில் குடும்பமாக உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் உள்ள ஜனங்கள் அவர்கள். ஆட்டு ஈரலில் கொப்புளம் கண்டால் நாய் எட்டாதபடி அழிக்கவேண்டும் என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து 1869-லும் 1890-லும் சட்டங்கள், நாய்களுக்குக் கட்டாய மருந்து. புது மருந்தோ பெரிய கருவியோ எதுவும் இல்லாத காலம். ஒரு தலைமுறை கழிந்தபோது இளம் வயதினரிடம் கொப்புளம் காண்பதே அரிதாகி, பிறகு நோயே அந்தத் தீவை விட்டுப் போனது. எங்கள் கீதாரி சொன்ன அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாமும் இங்கே நிறையச் செய்யலாம். செய்யவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இதேபோல் நெதர்லாந்தில் ஒரு மீன் கதை உண்டு. லேசாக உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனைப் பச்சையாகவே தின்பது அவர்கள் வழக்கம். 1950-களில் அப்படித் தின்ற சிலர் தாங்கமுடியாத வயிற்றுவலியோடு வந்தார்கள். வயிற்றைத் திறந்தால் குடலில் ஒரு பகுதி தடித்து வீங்கியிருக்கும். வெட்டி எடுத்துப் பார்த்தால் அந்தச் சதைக்குள் ஒரு சின்னப் புழு. 1960-ல் வான் தீல் குழுவினர் அது மீனிலிருந்து வந்த புழு என்று எழுதினார்கள். அனிசாகிஸ் வகை. அதற்கு மனிதன் வேண்டவே வேண்டாம், திமிங்கிலத்தின் வயிற்றுக்குப் போகவேண்டிய புழு அது. வழி தவறி நம் குடலைத் துளைத்து, அங்கேயே கொஞ்ச நாளில் சாகிறது. 1968-ல் ஹெர்ரிங்கை மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாளாவது உறையவைத்த பிறகே விற்கவேண்டும் என்று சட்டம் வந்தது, நோயும் அடங்கியது. கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பு வைக்கிற நம்மிடம் இது வராததற்குக் காரணம் அந்தக் கொதிதான்.

கடைசியாக ஒன்று. இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு வெறும் இரண்டு மில்லிமீட்டர். 1876-ல் டூலோன் துறைமுகத்தில் லூயி நார்மாண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், கொச்சின் சீனாவிலிருந்து (இன்றைய தென் வியட்நாம்) வயிற்றுப்போக்கோடு திரும்பிய சிப்பாய்களிடம் இதைக் கண்டார். சேற்றில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து ஏறும். மற்றப் புழுக்களிலிருந்து இது மாறுபடுவது ஒரு விஷயத்தில். இதன் குஞ்சு வெளியே போகாமலே, உள்ளேயே பக்குவப்பட்டு, அதே ஆளின் குடல் சுவரை மறுபடி துளைக்கும். நாக்குப்பூச்சிக்கு ஒன்று இரண்டு வருட ஆயுள், புதிதாக முட்டை விழுங்காவிட்டால் தானாகத் தீர்ந்துவிடும். இது தீராது. ஒரு முறை ஏறினால் வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கும்.

இதை உலகுக்கு நிரூபித்தது சயாம் மரண ரயில். 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டது. போர்க்கைதிகளையும், அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளிகளையும் காட்டுக்குள் கொண்டுபோய் வேலை வாங்கியது. மழையில் கழிப்பிடக் குழிகள் பொங்கி முகாம் முழுக்க ஓடிய சேற்றில், கிழிந்த செருப்போடும் செருப்பே இல்லாமலும் நின்றார்கள். உயிரோடு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பல வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். 1979-ல் கில், பெல் என்ற மருத்துவர்கள் முதலில் எழுதினார்கள். தொடர்ந்து பார்த்ததில், 2,000-க்கும் மேற்பட்ட முன்னாள் கைதிகளில் 100-க்கு 12 பேரிடம் அந்தப் புழு இன்னும் இருந்தது. இடுப்பிலும் பின்புறத்திலும் அரிப்போடு ஊர்ந்து மறைகிற சிவப்புக் கோடு, அவ்வப்போது வயிற்றுவலி. முப்பது, நாற்பது வருடமாகப் போர் அவர்கள் குடலில் முடியவில்லை.

அந்த ஆசியத் தொழிலாளிகளில் பெரும் பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். சிப்பாய்களுக்காவது பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு அதுவும் இல்லை. அதே சேற்றில் நின்று, பிழைத்து, தோட்டத்துக்கே திரும்பிய தாத்தாக்களுக்கு அரிப்பும் வயிற்றுவலியும் வந்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பார்கள்? லிவர்பூல் ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாத்தாக்கள்தான் என் கண்முன் நிற்கிறார்கள்.

இந்தப் புழு அமைதியாக இருக்கும்வரை இருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு தொடங்கினால் உடம்பின் காவல் தளரும். பத்து இருபதாக இருந்த புழு ஆயிரக்கணக்கில் பெருகும். குடல் அசைவற்று உப்பி, அடைப்பு மாதிரியே வாந்தியும் வலியும் வரும். துளைத்துக்கொண்டு போகிற குஞ்சுகள் குடலின் கிருமிகளையும் சேர்த்தே சுமந்து ரத்தத்தில் விடும். பலர் இறந்துவிடுகிறார்கள். கோவிட் காலத்தில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைப் பரவலாகக் கொடுத்தபோது இந்தப் பயம் உலகம் முழுக்க எழுந்தது. பள்ளிகளில் ஒரு வேளை கொடுக்கிற அல்பெண்டசோல் இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். அதனால் நடவு, களை என்று வருடக்கணக்கில் சேற்றில் நின்ற ஒருவருக்கு ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் இந்தக் கேள்வியையும் கேளுங்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வருகிற இளம் டாக்டர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

அவர்களில் பலர் நாக்குப்பூச்சியைக் கண்ணால் பார்த்ததில்லை. அது நல்ல செய்தி. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஒன்று முதல் 19 வயது வரை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். கழிப்பறைகள் கூடியிருக்கின்றன. ஆனால் புழு குறையக் குறைய, மிச்சமிருக்கிற ஒவ்வொன்றும் டாக்டரின் நினைப்புக்கு வெளியே போய்விடுகிறது. கல் என்பார்கள், சீழ் என்பார்கள், புற்று என்பார்கள். நானே ஸ்டென்ட் என்று எழுதப்போனவள். அதனால் இப்போது என் ஸ்கேன் அறையில், காரணம் புரியாத வயிற்றுவலி என்றால், புரோபை வைப்பதற்கு முன்பே சில விஷயங்களைக் கேட்டுவிடுகிறேன். எந்த ஊர், என்ன வேலை, காலில் செருப்பு உண்டா, வீட்டில் நாய் ஆடு உண்டா, வெளிநாட்டில் இருந்தீர்களா, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

அந்தக் கீதாரி அடுத்த கோடையில் கிடையோடு வந்தபோது பரிசோதனைக்கு என்னிடம் வந்தார். கூடவே மனைவியையும் பத்து வயது மகனையும் கூட்டிவந்திருந்தார். "இவங்க ரெண்டு பேரையும் ஒருக்கா பார்த்திருங்கம்மா" என்றார். பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் இல்லை. அவருடைய கல்லீரலில் ஆபரேஷன் செய்த இடம் சுருங்கித் தழும்பாக இருந்தது.

நாய்களுக்கு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். கால்நடை டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், மாசக் கணக்கு வைத்துக் கொடுக்கிறோம் என்றார். ஈரல்?

"புதைச்சுப் பார்த்தோம். நாய் பறிச்சுத் தின்னுருது. இப்ப கல்லு அடுப்பு மூட்டி அதுலயே போட்டு எரிச்சிடறோம். எங்காளுக நாலு கெடையிலயும் சொல்லிட்டேன்."

நான்கு கிடை என்றால் எத்தனை நாய் இருக்கும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். பதினொன்று.